பழைய ஜென்னில் 1.3 இன்ஜினும் டர்போவும்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என்னிடம் பழைய மாருதி ஜென் இருக்கிறது. எஸ்டீமின் 1.3 இன்ஜினை இறக்கி, அதோடு டர்போவும் வைக்க ஆசை. எப்படித் திட்டமிடுவது?

இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதலில் இன்ஜினை மட்டும் மாற்றி, டர்போ இல்லாமல் ஒரு கோடைக்காலம் முழுக்க ஓட்டுங்கள். ஹீட் ஏறுகிறதா, மவுண்ட் உதைக்கிறதா, ஐடில் அலைகிறதா எல்லாம் அதில் தெரிந்துவிடும். டர்போவையும் சேர்த்தே மாட்டிவிட்டால், வண்டி திணறும்போது காரணம் வயரிங்கா, பெட்ரோல் பிரஷரா, பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தம்) லீக்கா என்று எந்த மெக்கானிக்காலும் சட்டென்று சொல்ல முடியாது.

ஜென்னுக்கு எஸ்டீம் இன்ஜின் நல்ல தேர்வு. 993 சிசி ஜென் இன்ஜினும் 1298 சிசி எஸ்டீம் இன்ஜினும் சுசுகியின் ஒரே ஜி குடும்பம்தான். 16 வால்வ் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும் முறை) இன்ஜினையே தேடுங்கள், கம்பெனி கணக்கில் 85 பிஎச்பி. இன்ஜினை மட்டும் தனியாக வாங்காமல், ஓடுகிற நிலையில் ஒரு எஸ்டீமையே வாங்குவது நல்லது. கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார்கள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வந்துவிடும். கழற்றும் முன் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும் அளவு) பாருங்கள். நான்கு சிலிண்டருக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இன்ஜின் டர்போவுக்கு வேண்டாம். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம் என்பதால், முன்பே ஹீட்டாகி ஹெட் வளைந்ததா என்று லேத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

டர்போ வாங்கும் முன் எவ்வளவு பவர் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிஸ்டன், ராடு எதையும் மாற்றாமல் 0.4 பார் பூஸ்ட் போதும் என்பேன். அதில் 110 முதல் 120 பிஎச்பி வரை எதிர்பார்க்கலாம். ஜென் எடைக்கு அதுவே பெரிய விஷயம். இனி இன்ஜெக்டர் கணக்கு. டர்போ பெட்ரோல் இன்ஜின் ஒரு பிஎச்பிக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோல் குடிக்கும். 120 பிஎச்பிக்கு 32.4 கிலோ, அதாவது ஏறக்குறைய 44 லிட்டர். நான்காகப் பிரித்து, இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 230 சிசியாவது ஊற்ற வேண்டும். கம்பெனி மேப் சென்சார் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) பூஸ்ட் அழுத்தத்தைப் படிக்க முடியாது, அதையும் மாற்ற வேண்டும். கூடவே டியூன் செய்யக்கூடிய ஈசியூ, எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பூஸ்டில் லாம்டா (கலவையின் அளவு; 1 என்றால் சரிசமம், அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்) 0.8-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற பழைய கணக்கை விட்டு லாம்டாவிலேயே பேசுகிற டியூனரைப் பிடியுங்கள். பட்ஜெட் இடித்தால் டர்போவின் பிராண்டில் குறையுங்கள், டியூனிங் காசில் கை வைக்காதீர்கள். நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தொடங்கினால் பிஸ்டன் உடைய ஒரு நீண்ட ஏற்றம் போதும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஆயில் ரிட்டர்ன். டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பிரஷரில் உள்ளே போன ஆயில், நுரை கலந்து, தன் எடையில் மட்டுமே கீழே இறங்க வேண்டும். ரிட்டர்ன் பைப் பருமனாக, எங்கும் மேலேறாமல், சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். கொஞ்சம் வளைந்து தேங்கினாலும் ஆயில் சீலைத் தாண்டி எக்ஸாஸ்டில் நீலப் புகையாக வரும். டர்போ போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டினாலும் அதே புகைதான்.

ரேடியேட்டர், பிரேக், டயர் மூன்றும் பூஸ்டுக்கு முன்பே மாறியிருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. இன்ஜின் மாற்ற ஆர்டிஓவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கம்பெனி கொடுக்காத டர்போவுக்கு அனுமதியை எதிர்பார்க்காதீர்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸும் கைவிரிக்கும். டர்போ வைத்த பிறகு வண்டியை டிரெய்லரில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் மாதிரி ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் துணிந்து இறங்குங்கள்.

உங்கள் ஜென் கார்புரேட்டரா எம்பிஎஃப்ஐயா என்று சொல்லுங்கள். கார்புரேட்டர் என்றால் டேங்கில் பெட்ரோல் பம்ப், ரிட்டர்ன் லைன் எல்லாம் புதிதாக வர வேண்டும், அதற்கேற்ப முதல் கட்டச் செலவும் மாறும்.