ஊர் வம்பும் ஒரு நோட்டுப் புத்தகமும்

அன்புள்ள சார்,

கிராமசபைக் கூட்டத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். படித்ததும் எனக்கு ஆர்வம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மன்னிக்கவும். 'இவருக்கெல்லாம் நேரம் இருக்கிறது' என்றுதான் முதலில் தோன்றியது.

நான் சென்னைப் புறநகரில் இருக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை. காலை ஆறே முக்காலுக்கு ஆபீஸ் பஸ், வீடு திரும்ப எட்டு மணி. அதற்கு முன்னும் பின்னும் சமையல், ஆறாம் வகுப்புப் பையனின் வீட்டுப்பாடம், மாமியாரின் மாத்திரைகள். எங்கள் தெருவில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் பாதியில் நிறுத்தி ஏழு மாதம் ஆகிறது. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பையன் ஸ்கூல் வேனுக்குப் போகிறான். தெரு வாட்ஸப் குழுவில் 140 பேர் இருக்கிறோம். யாராவது போட்டோ போட்டால் நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள், அதோடு சரி. மாமியார் மட்டும் பால்கனியில் உட்கார்ந்து, லாரி என்றைக்கு வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனு எழுத உட்கார்ந்தேன். "உனக்கு எதுக்கு ஊர் வம்பு? இருக்கிற வேலை போதாதா?" என்றார் கணவர். அதுவும் நியாயம்தானே என்று நினைத்து, எழுந்து இட்லிக்கு அரைக்கப் போய்விட்டேன். போன உள்ளாட்சித் தேர்தலில் நான் ஓட்டுகூடப் போடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுத்தர வர்க்கம் சுயநலம் பிடித்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் எந்த நேரத்தில் பொதுநலம் பார்ப்பது? நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் எரிச்சல் நியாயமானது. அரை மணி நேரம் முன்னால் எழுந்திருங்கள், டிவி பார்ப்பதைக் குறையுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் டிவியே வரவில்லை.

முதலில் ஒரு கணக்கு. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிடுவது 289 நிமிடம் என்று வந்தது. ஆண்கள் 88 நிமிடம். அந்த 88கூட, வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட சராசரி. துரும்பைக்கூட நகர்த்தாதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகவே 'எந்த நேரத்தில்' என்ற உங்கள் கேள்வியில் பாதி உங்கள் வீட்டுக்குள்ளேயே கேட்கவேண்டியது. ஊர் வம்பு எதற்கு என்று கேட்டவர் அன்றைக்கு மாவை அரைத்திருந்தால் மனு முடிந்திருக்கும்.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பொதுக்காரியம், பொதுக்காரியம் என்று நான் பல வருடம் அலைந்திருக்கிறேன். கூட்டம் பெரும்பாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும். பன்னிரண்டு பேர் வருவோம். ஒரு நாள் பெண்கள் ஏன் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒரு மணி நேரம் கவலையோடு விவாதித்தோம். அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளேயிருந்து இரண்டு தடவை டீ வந்தது. அன்று ராத்திரி தம்ளர்களைக் கழுவிக்கொண்டே என் மனைவி, "கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் பொதுவாழ்க்கைக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன்.

பொதுக்காரியம் என்பது ஓய்வாக இருப்பவர்களின் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ரிட்டையரானபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். ஆனால் இன்று பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி நாம் அரசாங்கத்திடம் தகவல் கேட்கிற உரிமை யாரால் வந்தது என்று பாருங்கள். 1990இல் ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பேர் பெரிதாக இருந்தாலும் கேள்வி சின்னது: பஞ்சத்துக்கான வேலையில் மண் சுமந்த எங்களுக்குக் கூலி குறைகிறதே, மஸ்டர் ரோலில், அதாவது ஆட்களின் வருகையும் கூலியும் எழுதும் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, காட்டுங்கள். 1996இல் பியாவர் என்ற ஊரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலையில் இருந்தவர்கள். கிராமங்கள் தானியம் கொடுத்தன. ஆட்கள் முறைவைத்து வந்தார்கள், முறை முடிந்ததும் வயலுக்குத் திரும்பினார்கள். நாற்பது நாளும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருடமே தமிழ்நாடு தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது, மாநிலங்களில் அதுதான் முதல். ஓட்டைகள் நிறைந்த சட்டம். பல் உள்ள மத்தியச் சட்டம் 2005இல் வந்தது.

இனி என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டுகிறேன். நாற்பது பக்க நோட்டு, என் மகள் கணக்குப் போட்டு மிச்சம் வைத்தது.

எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஓடும் சாக்கடைக்கு மூடி போட்ட இடத்தில் நடுநடுவே ஸ்லாப் இல்லை. ஒரு திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். வரிசை, டோக்கன், காத்திருப்பு எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய நடவடிக்கை வரவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் எழுதினேன், ஒரு மணி நேரம். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் போஸ்ட் ஆபீஸ், இருபது நிமிடம். முப்பது நாள் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு, அரை மணி நேரம். மூன்றாவது வாரம் ஒரு உறை வந்தது, உள்ளே 14 பக்கம். முப்பது நாள் கெடுவைத் தாண்டிவிட்டால் நகலுக்குப் பணம் வாங்கக்கூடாது, அதனால் எல்லாம் இலவசம். அதில் எம்-புக், அதாவது வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலும் இருந்தது. 22 ஸ்லாப் போட்டதாக அளந்து, கையெழுத்தாகி, பில்லும் பாஸாகியிருந்தது. நான் எண்ணியபோது இருந்தது 17. நகலோடு ஒரு வரி எழுதி அனுப்பினேன். பொறியாளர் ஒருவர் போன் செய்து இடத்துக்கு வரச்சொன்னார், இன்னொரு ஒரு மணி நேரம்.

மொத்தம் ஐந்தரை மாதம். நான் செலவழித்தது ஆறு மணி இருபது நிமிடம். ஒரு சினிமாவும் ஒரு கல்யாண ரிசப்ஷனும் சேர்ந்தால் ஆகிற நேரம். அதிலும் முதல் மூன்றரை மணி நேரம் என் முட்டாள்தனம். முதல்வர் உதவி மையத்தின் 1100க்குப் போன் செய்து புகார் எண் வாங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். (சென்னை மாநகராட்சிக்குள் இருந்தால் 1913.)

மிச்ச நாளெல்லாம் வெறும் காத்திருப்புதான். அரசாங்கத்தின் நடை அப்படி, மாட்டு வண்டி மாதிரி. அது நமக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனால் உங்களைப் போல நாள் முழுக்க ஓடுகிறவர்களுக்கு அந்த மெத்தனம் ஒரு விதத்தில் சௌகரியம். தபாலில் போட்டுவிட்டு நீங்கள் முப்பது நாள் உங்கள் வேலையைப் பார்க்கலாம். முப்பத்தோராவது நாள் ஞாபகம் வரவேண்டும், அதுதான் முக்கியம். பத்து மனுவில் ஒன்பது செத்துப்போவது அந்த முப்பத்தோராவது நாளில்தான் என்பது என் அனுபவம். நோட்டு அதற்குத்தான். நீங்கள் போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம்.

விண்ணப்பம் எழுதுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'ஏன் இன்னும் வேலையை முடிக்கவில்லை?' என்று கேட்காதீர்கள், பதில் வராது. சட்டத்தில் தகவல் என்பது ஏட்டில் இருப்பது. ஏட்டைக் கேளுங்கள். பணி ஆணையின் நகல், மதிப்பீட்டின் நகல், ஒப்பந்தப்படி முடிக்கவேண்டிய தேதி, இதுவரை கொடுத்த தொகை, எம்-புக்கில் அந்த வேலைக்கான பக்கங்கள். வெள்ளைத் தாள் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று விலாசம் எழுதி, ஒப்புகையோடு அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவேண்டியதில்லை, அவர்களும் கேட்கக்கூடாது. பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தில் மேல் அதிகாரிக்கு மேல்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்துக்குப் போனால் ரொம்பக் காலம் ஆகும், அதை மறைக்கமாட்டேன். தெரு வேலைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே அசைந்துவிடுகின்றன. எம்-புக் என்ற வார்த்தையைப் பார்த்ததுமே சிலர் அசைகிறார்கள்.

மணல், புறம்போக்கு, பெரிய கட்டடம் என்றால் விஷயம் வேறு. தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள், கொல்லப்பட்டும் இருக்கிறார்கள். அதில் தனியாக இறங்கக்கூடாது. வடிகால் அந்த ரகம் இல்லை. இருந்தாலும் இரண்டு மூன்று பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனுவும் போகட்டும்.

அந்த இரண்டு மூன்று பேருக்கு எங்கே போவது? உங்கள் 140 பேரில்தான். 'எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்' என்று குழுவில் போட்டால் நாற்பது கட்டைவிரல்தான் வரும். ஒரே ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். காலையில் நடக்கப் போகிற பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். வாரம் ஒரு போட்டோ, அதே இடத்தில் நின்று, தேதியோடு. புகார் எண்ணை வைத்துக்கொள்ள இன்னொருவர். இதே சென்னையில் 2015 டிசம்பரில் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர்கள் எத்தனை பேர்! நேரமும் மனசும் இல்லாத ஊர் இல்லை அது. வெள்ளம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிகிறது. வெள்ளம் வடியவேண்டிய கால்வாய் பாதியில் நின்றால்தான் யாருக்கும் கை ஓடவில்லை.

அப்புறம் உங்கள் மாமியார். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். லாரி வந்த நாள், ஆட்கள் எண்ணிக்கை, வேலை நின்ற நாள் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. அரசாங்கத்தின் எம்-புக் ஒரு பக்கம், உங்கள் மாமியார் ஒரு பக்கம். அவருக்கு ஒரு டைரி வாங்கிக் கொடுங்கள். மாத்திரைக்கு நடுவே பொழுதும் போகும்.

ஓட்டு விஷயம். குற்றவாளிக் கூண்டில் நீங்கள் மட்டும் இல்லை. 2022 பிப்ரவரி 19, சனிக்கிழமை. பதினோரு வருடம் கழித்து நடந்த நகர்ப்புறத் தேர்தல். சென்னை மாநகராட்சியில் ஓட்டுப் போட்டவர்கள் 43.59 சதவீதம். அடுத்த முறை போட்டுவிடுங்கள். அதற்கு நடுவில் பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, ஏரியா சபா என்றால் தெரிந்திருக்கலாம். நகரத்துக்கும் கிராமசபை மாதிரி ஒன்று வேண்டும் என்று 2022 நவம்பர் 1 அன்று தொடங்கினார்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருடத்துக்கு நான்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஏப்ரல் 14 உங்களுக்கு லீவு. நான் வேடிக்கை பார்க்கப்போன ஒரு கூட்டத்தில் 19 பேர் இருந்தார்கள், அதில் ஏழு பேர் ஊழியர்கள். காலி நாற்காலியைப் பார்த்து முதலில் சோர்வாகத்தான் இருந்தது. ஆனால் பேசிய பன்னிரண்டு பேரின் பேச்சும் மினிட் புத்தகத்தில் ஏறியது. நூறு பேர் வந்திருந்தால் ஏறியிருக்காது.

கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குளங்களில் குப்பை அள்ளவும் கரையைச் சீராக்கவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் பொறாமைதான். உங்கள் ஞாயிறு அப்படிப்பட்ட ஞாயிறு இல்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். உங்கள் பங்கு இந்த வருடம் ஒரு வடிகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருக் குப்பையை நீங்கள் பார்க்கவேண்டாம். ஒருவரே எட்டுப் பிரச்சினையைத் தலையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 'இந்த ஊர் திருந்தாது' என்று வசனம் பேசுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே பேசியிருக்கிறேன்.

எங்கள் ஸ்லாப் கதையின் முடிவைச் சொல்லவில்லையே. ஒன்பது நாளில் ஐந்தையும் கொண்டுவந்து போட்டார்கள். இரண்டு ஸ்லாபுக்கு நடுவில் சைக்கிள் சக்கரம் மாட்டுகிற அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். அது நோட்டில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

விண்ணப்பம் எழுதினால் தபாலில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு முறை அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். வேலை நின்ற தேதியை மாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லும் தேதியும் எம்-புக்கின் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.