அருங்காட்சியகம் முதலில், கோயில் மறுநாள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வியட்நாமைப் பற்றியே கேட்டிருப்பதால், மற்ற நாடுகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, பகுதி முழுவதையும் அந்த ஒரு நாட்டுக்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் பிப்ரவரியில் பத்து நாள் வியட்நாம் செல்லவிருக்கிறோம். சுற்றுலா முகவர் ஹனோய், சாபா, ஹாலோங், நின் பின், ஹுவே, டா நாங், ஹோய் ஆன், டா லாட், சைகோன் என்று ஒன்பது ஊர்களை எழுதித் தந்திருக்கிறார். இது சரிவருமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

சரிவராது. ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதையின் நீளம் 1,726 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையிலான தொலைவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்குள் ஒன்பது ஊர்களை அடைத்தால், பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே பத்து நாளும் கழிந்துவிடும். சாபாவையும் டா லாட்டையும் தயங்காமல் அடித்துவிடுங்கள். ஹனோய்க்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மூன்று நாள், நடு வியட்நாமுக்கு நான்கு நாள், சைகோனுக்கு இரண்டு நாள், போக்குவரத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் மூச்சு விட இடம் இருக்கும். நீண்ட தூரங்களை விமானத்தில் கடந்துவிட்டு, ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான இரண்டரை, மூன்று மணி நேரப் பயணத்தை மட்டும் ரயிலுக்கு ஒதுக்குங்கள். ஹாய் வான் மலையை வளைந்து வளைந்து சுற்றிவரும் அந்தப் பாதையில் கடல் இடப்பக்கம் வரும் என்பதால், இருக்கையைப் பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

மாதத்தையும் ஒருமுறை யோசியுங்கள். டெட் என்னும் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும்; அந்த ஒரு வாரம் நாட்டில் பாதிப் பேர் சொந்த ஊர் திரும்பிக்கொண்டிருப்பதால், ரயிலிலும் விமானத்திலும் இடம் கிடைப்பது அரிது, கடைகள் மூடியிருக்கும், அருங்காட்சியகங்களின் நேரமும் மாறும். மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்க முடிந்தால், வடக்கே சற்றுத் தூறலும் மூட்டமும் இருந்தாலும், நடுப்பகுதி காய்ந்து பளிச்சென்று இருக்கும். அக்டோபரிலும் நவம்பரிலும் மட்டும் நடுப்பகுதிக்குப் போக வேண்டாம். ஹோய் ஆன் தெருக்களில் படகு விடும் அளவுக்கு வெள்ளம் வருவது அந்த மாதங்களில்தான்.

கேள்வி: மி சன் கோயில்களைப் பார்ப்பதற்காகவே வியட்நாம் போகிறோம். ஆனால் அதற்கு முதல் நாள் டா நாங் அருங்காட்சியகத்தில் அரை நாள் என்று திட்டத்தில் இருக்கிறது. கோயிலையே நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு அருங்காட்சியகம் எதற்கு? அந்த அரை நாளைக் கடற்கரைக்கு மாற்றச் சொல்கிறார் என் கணவர்.
வாசகி, கும்பகோணம்

கும்பகோணத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது இயல்புதான். உங்கள் ஊரில் சிற்பம் கோயிலில் இருக்கிறது, சாமி கருவறையில் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. நடு வியட்நாமில் சாம் மக்களின் சம்பா அரசர்கள் எழுப்பிய மி சன்னில் அப்படி இல்லை. அங்கே நிற்பவை செங்கல் தளிகள். அவற்றின் கோட்டங்களிலும் கருவறைகளிலும் இருந்த கற்சிற்பங்களில் சிறந்தவை பல, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே டா நாங்குக்குக் கொண்டுவரப்பட்டு, 1919இல் திறக்கப்பட்ட சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. ஆகவே உடல் ஓரிடத்திலும் முகம் வேறிடத்திலும் இருக்கிறது. முகத்தைப் பார்க்காமல் உடலை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதல் முறை போனபோது நேரே மி சன்னுக்குப் போய், வெறும் மாடங்களையும் புல் முளைத்த செங்கல் சுவர்களையும் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று சலித்துக்கொண்டே திரும்பினேன். மறுநாள் அருங்காட்சியகத்தில், ஆய்வாளர்கள் ஈ1 என்று குறியிட்ட மி சன் கோயிலின் பீடத்தின் முன் நின்றபோதுதான், முந்தைய நாள் எதன் முன்னால் நின்றிருக்கிறோம் என்பது விளங்கியது.

அந்தப் பீடத்தை அவசரப்படாமல் சுற்றிவந்து பாருங்கள். 7ஆம் நூற்றாண்டு மணற்கல். இலிங்கத்தைத் தாங்கிய அதன் பக்கங்களில் தேவர்களோ அசுரர்களோ இல்லை. காட்டில் வாழும் துறவிகளின் அன்றாடம் இருக்கிறது. ஒருவர் குழல் ஊதுகிறார், ஒருவர் உபதேசம் செய்கிறார், ஒருவர் இன்னொருவருக்கு உடம்பு பிடித்துவிடுகிறார். படியின் முகப்பில் மூன்று பேர் துணியை ஏந்தி ஆடுகிறார்கள். அதே அறையில் நின்ற கோலத்தில் ஒரு பிள்ளையார் உண்டு. நம் ஊர்ப் பிள்ளையாரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவர் சற்று இளைத்தவராகத் தெரியலாம். அடுத்து, சா கியு என்னும் ஊரில் கிடைத்த பொருள்களுக்கான அறையில், ஆடற்பெண்கள் செதுக்கிய பீடம் ஒன்றும், கதைக் காட்சிகள் சுற்றிவரும் பீடம் ஒன்றும் இருக்கின்றன. அந்தக் கதை சீதையின் திருமணம் என்று ஓர் அறிஞரும், கண்ணனின் கதை என்று வேறோர் அறிஞரும் வாதிட்டிருக்கிறார்கள். வில் ஒடிகிற இடம் எது என்று உங்கள் கணவரைத் தேடச் சொல்லுங்கள். கடற்கரை அவருக்கு மறந்துபோகும்.

மறுநாள் விடியலில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்கும் பேருந்துக் கூட்டம் வருவதற்கும் முன் மி சன்னை அடைந்துவிடலாம். ஹோய் ஆனில் தங்கினால் நாற்பது கிலோமீட்டர்தான். 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்ரவர்மன் என்னும் சம்பா அரசன் இங்கே ஒரு சிவாலயம் எடுத்து, இறைவனுக்குப் பத்ரேசுவரர் என்று தன் பெயரையே சூட்டினான். இராசராசன் எடுத்த கோயில் இராசராசேச்சரம் ஆனதை அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இது இராசராசனுக்கு ஆறு நூற்றாண்டுகள் முந்தையது. அதன் பிறகு 13ஆம் நூற்றாண்டு வரை, அடுத்தடுத்து வந்த அரசர்கள் இதே பள்ளத்தாக்கில் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சுவரருகே சென்று செங்கற்களின் இணைப்பைப் பாருங்கள். இரண்டு கற்களுக்கு நடுவே சாந்து இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. மரப்பிசினால் ஒட்டினார்கள் என்பது பலருடைய கருத்து. தேய்த்துப் பொருத்தினார்கள் என்போரும் உண்டு.

தளிகளுக்கிடையே வட்டமான பள்ளங்கள் தென்படும். அவை குளங்கள் அல்ல, குண்டு விழுந்த இடங்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் இங்கே குண்டு வீசின. ஏறத்தாழ 24 மீட்டர் உயரம் நின்ற ஏ1 என்னும் பெரிய தளி அதில் தரைமட்டமானது. 1980களில் கண்ணிவெடிகள் முழுதும் நீங்காத காட்டுக்குள் வந்து, மிச்சமிருந்ததை நிமிர்த்தத் தொடங்கியவர் போலந்து நாட்டுக் கட்டடக் கலைஞர் காசிமீர் குவியாத்கோவ்ஸ்கி. அண்மைக் காலத்தில் நம் இந்தியத் தொல்லியல் துறையும் சில தளிகளைச் சீரமைத்திருக்கிறது. அந்தப் பணியின்போதுதான், 2020இல், ஒரே மணற்கல்லில் செதுக்கிய 9ஆம் நூற்றாண்டு இலிங்கம் ஒன்று வெளிப்பட்டது. அதை டா நாங்குக்குக் கொண்டுபோகாமல் மி சன்னிலேயே விட்டிருப்பது எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரிய ஆறுதல்.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் வலி. ஹாலோங் விரிகுடாவையும் குகைகளையும் பார்க்க ஆசைப்படுகிறார். அழைத்துச் செல்லலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

ஹாலோங்கில் படகு வரை கவலையில்லை. நீருக்குள்ளிருந்து எழும் சுண்ணாம்புக் குன்றுகளை மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் படகுக்காரர்கள் இறக்கிவிடும் சுங் சோட் குகைக்குப் படிகள் நிறைய. ஏறிய பின் உள்ளேயும் ஏறி இறங்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அம்மா படகிலேயே இருக்கட்டும்.

குகை என்பதுதான் அவருடைய ஆசை என்றால், நின் பின் அருகிலுள்ள சாங் ஆன் பொருத்தமானது. சிறு துடுப்புப் படகில் நான்கு பேரை உட்கார வைத்து, மலையைக் குடைந்து ஓடும் நீர்க்குகைகளுக்குள் அழைத்துச் செல்வார்கள். சில இடங்களில் பாறை தலையை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து வரும், குனிய வேண்டும். படகில் ஏறி இறங்கும் இடங்களில் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இன்னும் தெற்கே ஃபோங் ஞா குகைக்கும் ஆற்றுவழியே படகு போகிறது. குகை வாயிலில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் செலுத்துவார்கள், அப்போது துடுப்பிலிருந்து நீர் சொட்டுகிற ஓசை தவிர வேறு எதுவும் கேட்காது. உலகின் மிகப் பெரிய குகை என்று புகழ்பெற்ற சன் டூங் அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அது பல நாள் நடை, கயிறு, முன்பதிவு, பல இலட்சம் ரூபாய். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கும் எளிதல்ல.

கேள்வி: சைகோன் போர் அருங்காட்சியகத்துக்கு ஒன்பது வயது மகனை அழைத்துச் செல்லலாமா?
வாசகி, சென்னை

முற்றத்தில் நிற்கும் பீரங்கி வண்டிகளையும் ஹெலிகாப்டரையும் காட்டலாம். உள்ளே, ஏஜென்ட் ஆரஞ்சு என்னும் இரசாயனம் தலைமுறை தாண்டி மனித உடலைச் சிதைத்ததைக் காட்டும் படங்களுக்குள் அவனை அழைத்துப் போகாதீர்கள். பெரியவர்களே பாதியில் வெளியே வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணவரும் நீங்களும் முறைபோட்டுக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் போய்வாருங்கள். போரில் உயிரிழந்த இரு தரப்புப் புகைப்படக்காரர்களின் படங்களைக் கொண்ட பகுதியைத் தவறவிட வேண்டாம். 1975இல், போர் முடிந்த சில மாதங்களில், வென்றவர்கள் தொடங்கிய இடம் என்பதால் கதை அவர்கள் பார்வையில்தான் சொல்லப்பட்டிருக்கும். படங்களோ தம் கதையைத் தாமே சொல்லிக்கொள்கின்றன.

அன்று மாலை மகனின் மனத்தை மாற்ற, பென் தான் சந்தைக்கு அருகில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே வருவோரில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர்; கருவறைக்குப் பின்னால் சென்று கல் சுவரில் கைகளையும் நெற்றியையும் பதித்து, தங்கள் மொழியில் அம்மனிடம் முறையிடுவார்கள்.

கேள்வி: ஹனோயில் எங்களுக்குக் கிடைப்பது ஒரு திங்கட்கிழமை மட்டுமே. எதைப் பார்ப்பது?
வாசகர், திருச்சி

திங்களன்று ஹோ சி மின் நினைவிடமும் இனவியல் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். (நினைவிடத்துக்கு வெள்ளியும் விடுமுறை, திறந்திருக்கும் நாள்களிலும் காலையில் மட்டுமே.) நீங்கள் இலக்கியக் கோயிலுக்குப் போங்கள். 1070இல் கன்பூசியசுக்காக எழுப்பப்பட்ட அந்த வளாகத்தில், அரசுத் தேர்வுகளில் வென்றவர்களின் பெயர்களைப் பொறித்த 82 கல்வெட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு கல் ஆமையின் முதுகில் நிற்கின்றன. தேர்வுக்கு முன் மாணவர்கள் வந்து தடவித் தடவி அந்த ஆமைத் தலைகள் வழவழப்பாகிவிட்டதால், இப்போது வேலி போட்டிருக்கிறார்கள்.