டச்சுக் கிராம ஓவியங்களில் வானம் ஏன் இவ்வளவு பெரிது?

கேள்வி: பழைய டச்சுக் கிராமப்புற ஓவியங்களில் பாதிக்கு மேல் வானம்தான் இருக்கிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? ஏதாவது ஒரு ஓவியத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, டச்சு ஓவியர் மெய்ன்டர்ட் ஹொபெமா 1689-ல் வரைந்த ‘மிடல்ஹார்னிஸ் சாலை’. லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. பல வருடங்களாக இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாத படம்தான். ஒரு மண் பாதை நேராக மிடல்ஹார்னிஸ் என்ற டச்சு ஊரை நோக்கி ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஓடை. தோளில் துப்பாக்கியோடு ஒருவர் நாயுடன் நம்மை நோக்கி நடந்து வருகிறார். இடது பக்கம் தூரத்தில் சர்ச் கோபுரம்.

வானத்துக்கு வருகிறேன். அந்தப் பகுதி முழுக்கத் தட்டை நிலம், மலை என்று எதுவும் கிடையாது. முந்தைய நூற்றாண்டின் பிளெமிஷ் (இன்றைய பெல்ஜியம் பக்கத்து) ஓவியர்கள் ஏதோ உச்சியில் நின்று பார்ப்பதுபோலப் பாறையும் ஆறும் ஊருமாக அடுக்கி வரைந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர்களோ தரைக்கு இறங்கி, வழிப்போக்கனின் கண் மட்டத்திலிருந்து பார்த்தார்கள். தட்டை நிலத்தில் அப்படி நின்றால் தொடுவானம் கீழே போய்விடும், மிச்சமெல்லாம் வானம்தான். ஹொபெமாவின் ஆசிரியர் யாகோப் வான் ரௌஸ்டால் ஹார்லெம் நகரை வரைந்த படங்களிலும் இதே கதைதான்.

ஆனால் இவ்வளவு பெரிய வானம் தனியாக மிதக்கக் கூடாதே? அந்த வேலையைத்தான் மரங்கள் செய்கின்றன. கிளைகளைக் கழித்துக் கழித்து, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை விட்ட ஒல்லி மரங்கள். வேர் பாதையோரத்தில், தலை மேகத்தில். அருகே இருப்பவை ஓங்கி நிற்க, போகப்போகக் குட்டையாகி நடுவில் ஒரு புள்ளியை நோக்கி ஒடுங்குகின்றன. பாதையில் வண்டிச்சக்கரம் பதித்த தடங்களும் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. நம் கண்ணும் கூடவே போய்விடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முன்பக்கம் பாதைக்கு இருபுறமும் இன்னும் இரண்டு மரங்கள் முதலில் வரையப்பட்டிருந்தது தெரிந்தது. ஹொபெமாவே பிறகு அவற்றின் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டார். அவை இருந்திருந்தால் நாம் வாசலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதுபோல இருந்திருக்கும். இப்போது நேராகப் பாதையிலேயே நிற்கிறோம். எதை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்ததுதான் இதில் பெரிய கலை என்பேன்.

இத்தனைக்கும் அவர் அப்போது முழுநேர ஓவியரே இல்லை. 1668-ல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வரும் ஒயினை அளக்கும் வேலையில் சேர்ந்தவர், அதன்பின் குறைவாகவே வரைந்தார். இந்தப் படத்தை வரையும்போது வயது ஐம்பதை ஒட்டி.

சரி, இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் வலது பக்கத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே நாற்றுத் தோட்டத்தில் வரிசையாகக் கொம்பு நட்டுக் கட்டிய இளஞ்செடிகள், நடுவே ஒருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறார்.