மகள் பூமி அறிவியல் படிக்கக் கேட்கிறாள். நாகர்கோவிலிலிருந்து எங்கே அனுப்புவது, வேலை கிடைக்குமா?

பிளஸ் டூ முடித்த மகள் மெடிக்கல், இன்ஜினியரிங் இரண்டும் வேண்டாம் என்கிறாள். ஜியாலஜியா சுற்றுச்சூழல் அறிவியலா என்று தெரியவில்லை, பெண் பிள்ளைக்கு இது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேர்த்துவிடுங்கள் அண்ணா. நானும் முட்டம் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளைதான். தூத்துக்குடியில் பி.எஸ்சி. ஜியாலஜி, அப்புறம் முதுகலையும் அதே பாடம். இப்போது நிலத்தடி நீர் ஆய்வு வேலை பார்க்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். நான் சேர்ந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் "புவியியலா? மேப் வரையிற படிப்பா?" என்றுதான் கேட்டார்கள். புவியியல் என்றால் ஜியாகிரபி. பாறை, மண், கனிமம், நிலத்தடி நீர் இதையெல்லாம் படிப்பது நிலவியல், அதுதான் ஜியாலஜி. சுற்றுச்சூழல் அறிவியல் வேறு; அதில் வேதியியல், உயிரியல், சட்டம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

இளங்கலையில் ஜியாலஜி, முதுகலையில் விருப்பம் இருந்தால் சுற்றுச்சூழல். இதுதான் என் யோசனை. ஜியாலஜி படித்தவள் பிறகு சுற்றுச்சூழலுக்குப் போகலாம். எதிர்ப்பக்கமாக வருவது கஷ்டம். 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் (பெயரில் புவியியல் என்று இருந்தாலும் அங்கே நடப்பது ஜியாலஜிதான்), மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யுபிஎஸ்சி தனியாகவே ஒரு தேர்வு நடத்துகிறது. ஜியாலஜிஸ்ட் பதவிக்கு ஜியாலஜியிலோ அதைச் சேர்ந்த பாடத்திலோ முதுகலை வேண்டும். அதனால் மூன்று வருடத்தோடு நிறுத்துவதாக இருந்தால் வேலை விஷயத்தில் ஏமாற்றம்தான் வரும். ஐந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எனக்கு இந்தப் படிப்பு பிடித்துப்போனது ஒரு பிராக்டிகல் வகுப்பில். ஊருக்குப் போனபோது மணவாளக்குறிச்சி கரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரில் மணல் எடுத்துப் போயிருந்தேன். சின்ன வயதில் காந்தத்தை வைத்து இழுத்து விளையாடிய அதே கருமணல். அதைப் புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் கொட்டினோம். வெள்ளை மணல் அப்படியே மேலே மிதந்தது, மீதி எல்லாம் அடியில் இறங்கியது. அடியில் இறங்கியதைக் கழுவிக் காயவைத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோது பார்க்க வேண்டுமே! கறுப்பாக இல்மனைட், இளஞ்சிவப்பில் கார்னெட், கண்ணாடி மாதிரி சிர்கான், நடுவில் தேன் நிறத்தில் உருண்டையாக மோனசைட். நாங்கள் மிதித்து நடந்த மண். கதிர்வீச்சுள்ள தோரியம் என்ற உலோகம் இருப்பது அந்தத் தேன் நிற மணியில்தான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்தப் பக்கத்துக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார் என்பார்கள். அப்போது கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது.

அந்த மணி நம் கரைக்கு எப்படி வந்தது? நம் மலைப் பாறை மழையிலும் வெயிலிலும் இற்று, ஓடையும் ஆறும் அதைக் கடலில் கொண்டு சேர்க்கின்றன. ஆனி ஆடியில் கடல் கரையைத் தின்னும்போது இலேசான மணலை அலை இழுத்துப் போகிறது, கனமானது கரையில் தங்கிவிடுகிறது. புரோமோஃபார்மில் நாங்கள் செய்ததைக் கடல் தன் முறையில் வருடா வருடம் செய்கிறது. என் அப்பா நாற்பது வருடம் கடலுக்குப் போனவர். "கரை கறுத்துக் கிடந்தா கடல் அரிச்சிருக்குன்னு அர்த்தம்" என்பார். நான் ஒரு பருவம் முழுக்கப் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வேலை என்று பார்த்தால் இப்போது நான் அதிகம் அலைவது கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும்தான். நம் ரப்பர் தோட்டப் பக்கம் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் இருப்பது மேலே இற்றுப்போன பகுதியிலும் விரிசலிலும் மட்டும். நான்கு இரும்புக் கம்பியை ஒரே கோட்டில் அடித்து, வெளிக் கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள் கம்பி இரண்டில் வோல்டேஜ் பார்ப்போம். காய்ந்த பாறை என்றால் மின்தடை மிக அதிகம், ஈரமான விரிசல் என்றால் குறையும். கடற்கரைப் பக்கம் போனால் திடீரென்று அடியோடு விழும். சந்தோஷப்பட முடியாது, அது உப்புத் தண்ணீர். அங்கே நல்ல தண்ணீர் கடல் தண்ணீர் மேல் மிதக்கிறது. கிணற்று மட்டம் ஓரடி இறங்கினால் அடியில் உப்பு ஏறக்குறைய 40 அடி மேலே ஏறக்கூடும். ஒரே தெருவில் நான்கு பேர் ஆழமாகப் போர் போட்டபின் ஒரு ஆச்சியின் பழைய கிணறு கரித்துப்போனதைப் பார்த்தேன். அவர் ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்து, "குடிச்சுப் பாரு மக்கா" என்றார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்னொன்று கள்ளக்கடல். காற்றே இல்லாத நாளில் கடல் ஏறி வரும். தெற்கே வெகு தூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் கிளப்பிய அலை இரண்டு மூன்று நாள் பயணம் செய்து இங்கே வந்து சேர்கிறது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். எச்சரிக்கையை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்பே கொடுத்திருந்தது. அது கரையில் நிற்பவர் காதுக்குப் புரியும்படி வந்து சேர வேண்டும். அதற்கு இந்தப் படிப்பும் தெரிந்து, இந்த ஊர்ப் பேச்சும் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

எங்கே படிக்கலாம்? பக்கத்தில் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜிலும் ஜியாலஜி உண்டு. சென்னை என்றால் மாநிலக் கல்லூரி. சுற்றுச்சூழலுக்கு ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுற்றுச்சூழல் துறையில் என் முதல் வேலையில், இடத்தையே பார்க்காமல், ஒரு திட்டத்தால் அங்கே சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று அறிக்கை எழுதச் சொன்னார்கள். பழைய அறிக்கையில் ஊர் பெயரை மாற்றினால் போதுமாம். எட்டு மாதத்தில் விட்டுவிட்டேன். எல்லா இடமும் அப்படி இல்லை. ஆனாலும் எங்கே சேர்ந்தாலும், "வருடத்துக்கு எத்தனை நாள் ஃபீல்டுக்குக் கூட்டிப் போவீர்கள்?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெண் பிள்ளை விஷயம். எங்கள் வகுப்பில் ஃபீல்டுக்குப் போன எல்லாருக்கும் ஒரே சுத்தியல், ஒரே வெயில். கழிப்பறை கிடைக்காதது நிஜமான கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். பயணத்துக்கு முன் அதைக் கல்லூரியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் பத்து மடங்கு காட்டும் ஒரு கை லென்ஸ் வாங்கிக் கொடுத்து, அவளை முட்டம் பாறைப் பக்கம் கூட்டிப் போங்கள். கல்லில் இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது கார்னெட்டாக இருக்கலாம். கிளம்பலாம் என்று நீங்கள் கூப்பிட்ட பிறகும் அவள் குனிந்தே நின்றால், அன்றைக்கே விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.