பத்திரத்தை வைத்து வாங்கும் சீட்டும் பாவு நூல் கணக்கும்

போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. லுங்கி உற்பத்தி, நூல் வாங்கித் தறிக்காரர் வீடுகளுக்குக் கொடுத்து நெய்து வாங்குகிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பேசியதெல்லாம் தாய்மாமாதான். "சென்னையில ஏஐ டேட்டா சயின்ஸ், மேனேஜ்மென்ட் சீட்டு பேசிட்டேன் சார். பாப்பாவுக்கு கம்ப்யூட்டர்னா உயிர்." பணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைப்பார்களாம்.

தைரியம் சொல்லித்தான் ஆரம்பித்தேன். பத்திரம் என்றதும் நிறுத்திவிட்டேன். வைக்காதீங்க சார்.

பள்ளியில் படித்த பைத்தான் நிரல்மொழியையும், தரவுகளைச் சேமித்துத் தேடித்தரும் எஸ்.க்யூ.எல்-ஐயும் வைத்து அவள் அப்பாவுக்கு ஒரு கணக்கு புரோகிராம் எழுதியிருக்கிறாள். யாருக்கு எத்தனை கிலோ பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) போனது, எத்தனை லுங்கி வந்தது, கூலி, முன்பணம். முதல் மாதமே அடி. தப்பாக ஏறிய கூலியை அழித்துத் திருத்தியிருக்கிறாள். சனிக்கிழமை கணக்குப்பிள்ளை கேட்டாராம்: "போன வாரம் பாக்கி 3,400னு காட்டிச்சு, இன்னிக்கு 3,150ங்குது. தறிக்காரருக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?" அன்றிலிருந்து எதையும் அழிப்பதில்லை. தப்பை அப்படியே விட்டு, அதை ஈடுகட்டும் எதிர்ப்பதிவு ஒன்றைப் புதிதாகப் போடுகிறாள். யார், எப்போது போட்டார் என்பதும் கூடவே பதிவாகிறது. கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் இந்தத் தடம் இருந்தே ஆக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். அவளுக்கு அது தெரியாது. ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு தறிக்காரர் இருந்ததால், பெயருக்குப் பதில் எண் கொடுக்கவும் கற்றுக்கொண்டாள். பழைய கணக்கு நோட்டையும் நிறுத்தவில்லை, இரண்டு மாதம் சேர்ந்தே ஓடியது. ஒத்துப்போகாத இடங்களில் பாதிக்கு மேல் நோட்டுதான் சரியாம். சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இவளுக்கு இப்போது குறைவது பற்று வரவு. அதற்கு உள்ளூரிலேயே அரசு திருமகள் ஆலைக் கல்லூரி இருக்கிறது, பி.காம். சேரட்டும். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கான புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மாலையில் தறிக்கணக்கு. பிளஸ் டூவில் கணிதம் இருப்பதால் பிறகு எம்.சி.ஏ. என்ற கம்ப்யூட்டர் முதுகலைப் படிப்புக்குப் போகவும் வழி உண்டு.

"பி.காம்.னா சொந்தத்துல யார் சார் மதிப்பாங்க?" என்றார் மாமா. வட்டி கட்டப்போவது சொந்தக்காரர்கள் இல்லையே என்றேன். அவருக்குக் கோபம்தான். அவளையே கேட்டேன். "தறிக்கணக்க பாதியில விட்டுட்டுப் போக மனசில்ல சார்." அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை.

அடுத்த கூலி நாளில் கணக்குப்பிள்ளையை அந்தப் புரோகிராமின் முன் தனியாக உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் போகாமல் எட்ட நின்று பார்க்கச் சொன்னேன் அவளை. அவர் எங்கெல்லாம் தடுமாறுகிறாரோ, அதை எழுதிக்கொண்டு வருவாள்.