கீழே விழாமல் இருக்க: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த பல கேள்விகளில் ஒரே புகார்: “கவனமா இருங்கன்னு சொன்னாலும் கேட்க மாட்டேங்கிறாங்க.” ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நடப்பவரிடமும், வெயிலில் கூரை மேல் நிற்பவரிடமும் கவனத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. அதனால் விழுந்தவரை விட்டுவிட்டு, அவர் விழுந்த இடத்தைப் பார்ப்போம்.

அம்மாவுக்கு 74 வயது. ராத்திரி பாத்ரூம் போகும்போது இரண்டு முறை விழுந்துவிட்டார். கைப்பிடி போட்டுவிட்டோம். போதுமா?

எங்கே விழுந்தார்? கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் என்றால் கைப்பிடி உதவாது. முதலில் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் காட்ட வேண்டும். போகும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை எல்லாமே தள்ளாட வைக்கலாம். சுகர் மருந்து சாப்பிடுபவருக்கு ராத்திரியில் சர்க்கரை இறங்கியும் மயக்கம் வரும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நீர் மாத்திரையை மாலையில் சாப்பிடுகிறார் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மட்டும் கேளுங்கள். சில வீடுகளில் அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

எழுந்ததும் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் உட்காரட்டும். பாத்ரூம் வரை வழியில் ராத்திரி விளக்கு எரியட்டும். வழுக்கும் கால்மிதியை எடுத்துவிடுங்கள். அப்புறம், பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா? அம்மா உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைக்க வேண்டாம். ஆள் பாரத்துக்கு அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

மறதி நோயுள்ள அப்பாவைப் பராமரிப்பு இல்லத்தில் ராத்திரி கட்டிலோடு கட்டிவைக்கிறார்கள். விழாமல் இருக்கத்தான் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. கட்டிப்போட்டால் கால் இன்னும் பலமிழக்கும், படுக்கைப்புண் வரும், பயமும் கூடும். இரண்டு பக்கமும் உயரமான தடுப்புக் கம்பி போடுவதும் ஆபத்துதான். மறதி உள்ளவர் அதன் மேல் ஏறித் தாண்டப் பார்ப்பார், கட்டில் உயரத்தைவிட அதிக உயரத்திலிருந்து விழுவார். கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவில் கழுத்து சிக்கி இறந்தவர்களும் உண்டு.

அவர் ஏன் எழுகிறார் என்று இல்லத்தில் யாராவது பார்த்தார்களா? மூத்திரமா, தாகமா, வலியா? எழும் நேரம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவர்களே எழுப்பிக் கூட்டிப்போகலாம். தாழ்வான கட்டில் கேளுங்கள். ராத்திரி எத்தனை பேருக்கு ஒரு உதவியாளர் என்றும் கேளுங்கள். கயிறு எடுக்க வேண்டியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது. ஆட்களை மேலே ஏற்ற வேண்டும். பெல்ட் வாங்கிக் கொடுத்தும் போடுவதில்லை.

பெல்ட்டை எதில் மாட்டச் சொல்கிறீர்கள்? பல ஷெட்டுகளில் மாட்ட இடமே கிடையாது. இந்த ஷீட் ஆள் பாரம் தாங்காது. போல்ட் வரிசை மேல் நடந்தால் ஒன்றும் ஆகாது என்பதையும் நம்பாதீர்கள். வெளிச்சத்துக்காகப் போட்ட பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம், அழுக்கேறினால் அது கண்ணுக்கே தெரியாது. முடிந்தால் உள்ளே சாரம் கட்டிக் கீழிருந்தே வேலையை முடியுங்கள். மேலேதான் ஏற வேண்டும் என்றால் அடியில் இருக்கும் இரும்புச் சட்டங்கள் மேல் பாரம் இறங்கும்படி பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட் வேண்டாம். விழுபவரைக் கயிறு பிடித்து நிறுத்தும்போது மொத்த அதிர்ச்சியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் தேவை. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: கயிறு 1.8 மீட்டர், விழும் வேகத்தைக் குறைக்கக் கயிற்றில் உள்ள அதிர்ச்சி தாங்கி பிரிந்து நீள்வது சுமார் 1.1, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5, கூடுதல் பாதுகாப்புக்கு விடும் இடைவெளி 1. ஆக, கொக்கிக்குக் கீழே சுமார் 5.5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். உங்கள் ஷெட் 4 மீட்டர் உயரம் என்றால், கூரை மட்டத்தில் மாட்டிய கயிறு ஆளை நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும். கயிற்றைக் குட்டையாக்குங்கள், இல்லாவிட்டால் தலைக்கு மேலே மாட்டுங்கள். இது முதலாளியின் தயவு இல்லை. உயரத்தில் வேலை செய்பவருக்குப் பாதுகாப்பு செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவே சொன்னது; 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்தது.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கையைத் தொங்கவிட்டு நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

பாட்டி விழுந்ததும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டோம். தப்பா?

அவசரப்பட வேண்டாம். வலி எங்கே, காலை அசைக்க முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். அடி இல்லையென்றால் அவரைப் புரளவைத்து, மண்டியிட்டு, உறுதியான நாற்காலியைப் பிடித்து அவரே எழ விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் இடித்துக்கொண்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தலைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். தலைவலி, குழப்பம், புதிதாகத் தள்ளாட்டம் வந்தால், பழைய அந்த விழுகையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.