கேள்வி - பதில்: குப்பிகளைச் சமமாகப் பிரிப்பது எப்படி?

கேள்வி: மொத்தம் 21 குப்பிகள். 7 குப்பிகளில் எண்ணெய் முழுக்க நிறைந்திருக்கிறது, 7-இல் சரியாகப் பாதி இருக்கிறது, 7 காலி. மூன்று பேருக்குப் பிரிக்க வேண்டும். ஆளுக்குக் குப்பியும் சமமாக வர வேண்டும், எண்ணெயும் சமமாக வர வேண்டும், ஒன்றிலிருந்து இன்னொன்றில் ஊற்றக் கூடாது. வெகுநேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் ஒரு விடை கிடைத்தது. இன்னும் விடைகள் இருக்கின்றனவா? இல்லை என்றால் அதை எப்படி உறுதியாகச் சொல்வது?

பதில்: விடை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் ‘இன்னும் இருக்கிறதா’ என்று கேட்டீர்கள் பாருங்கள், கணக்கே அங்கேதான் ஆரம்பிக்கிறது. குப்பிகளைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, ஒருவருடைய பங்கை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவருக்கு 7 குப்பிகள். மொத்த எண்ணெய் பத்தரைக் குப்பி, அதனால் அவருக்கு மூன்றரைக் குப்பி எண்ணெய். அதாவது சராசரியாகக் குப்பிக்குப் பாதி. பாதிக் குப்பி எத்தனை வந்தாலும் இந்தச் சராசரி அசையாது, நிறைகுப்பி ஒன்று வந்தால் அரை அளவு கூடும், காலிக் குப்பி ஒன்று வந்தால் அதே அரை அளவு குறையும். அப்படியென்றால் ஒருவருக்கு எத்தனை நிறைகுப்பியோ அத்தனை காலிக் குப்பியும் வந்தே ஆக வேண்டும். இந்த இடம் எனக்கு எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் குழப்பம் முக்கால்வாசி இங்கேயே போய்விடுகிறது.

இனி நிறைகுப்பிகளை மட்டும் பங்கிட்டால் போதும், காலி அதைத் தொடர்ந்து வரும், மிச்ச இடத்தைப் பாதிக் குப்பி நிரப்பிக்கொள்ளும். நிறையும் காலியும் ஜோடியாக வருவதால் ஒருவருக்கு அதிகபட்சம் 3 நிறைகுப்பிதான், 4 என்றால் காலியோடு சேர்த்து 8 ஆகிவிடும். சரி, ஒவ்வொன்றும் 3-க்கு மிகாத மூன்று எண்கள், கூட்டினால் 7. எழுதிப் பாருங்கள்: 3, 3, 1 அல்லது 3, 2, 2. வேறு வழி கிடையாது. முதல் முறையில் இருவருக்கு 3 நிறை, 1 பாதி, 3 காலி. மூன்றாமவருக்கு 1 நிறை, 5 பாதி, 1 காலி. இரண்டாவதில் ஒருவருக்கு 3 நிறை, 1 பாதி, 3 காலி. மற்ற இருவருக்கும் 2 நிறை, 3 பாதி, 2 காலி. யாருக்கு எந்தப் பங்கு என்று மாற்றிக்கொள்வதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் விடைகள் இரண்டே இரண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 3, 3, 1 நீளமுள்ள மூன்று குச்சிகளை எடுத்தால் ஒரு முக்கோணம் செய்யலாம், 3, 2, 2-க்கும் அப்படியே. சுற்றளவு 7 வருகிற முழு எண் முக்கோணங்கள் இந்த இரண்டு மட்டும்தான்! ஒருவருக்கு மொத்தத்தில் பாதிக்கு மேல் நிறைகுப்பி போக முடியாது என்பதும், முக்கோணத்தின் ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைத் தாண்ட முடியாது என்பதும் ஒரே நிபந்தனைதான்.

புதிர் மிகப் பழையது. 804-இல் மறைந்த அல்குயின் என்ற ஆசிரியரின் பெயரால் வழங்கும் லத்தீன் புதிர்த் தொகுப்பில், இதே கணக்கு 10 நிறை, 10 பாதி, 10 காலி என்று முப்பது குப்பிகளோடு வருகிறது. ஒருவருக்குப் பாதிக் குப்பிகள் பத்தும், மற்ற இருவருக்கும் 5 நிறை, 5 காலி என்பது அங்கே தரப்படும் விடை. ஆனால் மேலே சொன்ன வழியில் போனால் ஐந்து விடைகள் வரும்: நிறைகுப்பிகள் (5, 5, 0), (5, 4, 1), (5, 3, 2), (4, 4, 2), (4, 3, 3). இவற்றில் முதல் மூன்றும் ஒரு பக்கம் மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாகி, தட்டையாகப் படுத்துவிட்ட முக்கோணங்கள், நிறைகுப்பிகளின் மொத்தம் இரட்டை எண்ணாக இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: 1 கிலோ, 2 கிலோ என்று தொடங்கி 10 கிலோ வரை பத்து எடைக்கற்கள். இரண்டு சம எடைக் குவியல்களாகப் பிரிக்க வரவே மாட்டேன் என்கிறது. மொத்தம் இரட்டை எண்ணாக இருந்தால் எப்போதும் பிரித்துவிடலாமா?

பதில்: மொத்தம் 55 கிலோ, ஒற்றை எண். முழுக் கிலோ கற்களை வைத்து இருபத்தேழரையை எட்ட முடியாது, அதனால் உங்கள் மேல் தப்பில்லை. 11 கற்களாக்கிக்கொள்ளுங்கள், வந்துவிடும். 1-உம் 2-உம் ஒரு பக்கம், 3 மறுபக்கம். அப்புறம் அடுத்தடுத்த நான்கு எண்களில் ஓரத்து இரண்டும் நடு இரண்டும் எப்போதும் சமம், ஆகவே 4, 7-க்கு எதிரே 5, 6; 8, 11-க்கு எதிரே 9, 10. பக்கத்துக்கு 33 கிலோ.

ஆனால் மொத்தம் இரட்டையாக இருந்தால் மட்டும் போதாது. 1, 1, 4 கிலோ என்று மூன்று கற்களை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 6, ஆனால் 3 கிலோக் குவியல் வராது. எடைகள் தாறுமாறான பெரிய எண்களாக இருந்தால் விஷயம் உண்மையிலேயே கடினம். நாற்பது கற்களை இரண்டாகப் பிரிக்கும் வழிகள் மட்டும் சுமார் 55,000 கோடி. 1972-இல் கணினி அறிவியலாளர் ரிச்சர்ட் கார்ப் மிகக் கடினம் என்று காட்டிய 21 கணக்குகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. எல்லா எண்களுக்கும் வேகமாக வேலை செய்யும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அப்படி ஒரு வழியே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை.

கேள்வி: ஒருவர் இரண்டாகப் பிரிக்க, மற்றவர் பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்வது சரிபங்கா?

பதில்: பிரிப்பவர் தன் மதிப்புப்படி சரிபாதியாகப் பிரித்தால் எது மிஞ்சினாலும் அவருக்குப் பாதி உறுதி. எடுப்பவருக்குத் தன் மதிப்புப்படி பாதியோ அதற்கு மேலோ கிடைக்கும். வெட்ட முடிகிற பொருளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.